புள்ளித்தாள் எவ்வளவு தூரம் போகலாம்? பாடசாலைத் தரவைக் கையாளப் புதிதாக வருபவர்களுக்கு

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி போட்டாயிற்று. வகுப்பாசிரியர் புள்ளித்தாளைக் கைபேசியில் படமெடுத்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குறூப்பில் போடுகிறார். நாற்பது பிள்ளைகளின் பெயர், சேர்விலக்கம், ஒன்பது பாடப் புள்ளிகள், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற நிலை, எல்லாம் ஒரே படத்தில். பொழுதுபட முன்னர் அது ரியூசன் நிலையத்துக்கும் கொழும்பில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கும் போய்விடும். நாற்பதாம் நிலையில் நிற்கும் பிள்ளை அடுத்த நாள் பஸ்ஸில் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காது. எந்தக் கேள்வியில் வகுப்பே சறுக்கியது, எந்தப் பாட அலகைத் திரும்பக் கற்பிக்க வேண்டும் என்று அதே தாளை வைத்துப் பார்த்திருக்க வேண்டிய வேலையோ தொடப்படாமலே அடுத்த தவணை தொடங்கிவிடும்.

இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான். புள்ளித்தாள் கற்பித்தலைத் திருத்தும் கருவி. அதை அறிவித்தல் பலகை ஆக்கிவிடுகிறோம். பிள்ளையின் மறைவைக் காப்பதும் தரவைப் பயன்படுத்துவதும் ஒன்றையொன்று வெட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாடசாலைக்குள் நின்று செய்து பார்த்தால் அப்படி இல்லை. ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்: தரவு பிள்ளையை விட்டுத் தள்ளிப் போகப் போக மெலிய வேண்டும். வகுப்பாசிரியரிடம் பெயரோடு முழுதாக இருக்கட்டும். பகுதித் தலைவரிடம் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பெயர் மட்டும் இருக்கட்டும். பாடசாலைக்கு வெளியே எண்ணிக்கை மட்டும் போகட்டும்.

இந்தக் கட்டுரை புதிதாக நியமனம் பெற்ற வகுப்பாசிரியருக்கும், "உமக்குக் கணினி தெரியும்தானே" என்று தரவு வேலை முழுவதும் தலையில் வந்து விழுந்த தகவல் தொழினுட்ப ஆசிரியருக்கும்.

முதல் வேலை: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு ஏ4 தாளில் ஐந்து நிரல் கீறுங்கள். என்ன தகவல், எதற்காக, எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பது. சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, புள்ளித்தாள்கள், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், அடையாள அட்டை விண்ணப்பங்கள், புலமைப்பரிசில் உதவிப் பணத்துக்கான பெற்றோர் வருமான விபரம், பாடசாலை மருத்துவப் பரிசோதனைக் குறிப்புகள், பெற்றோர் தொலைபேசி இலக்கங்கள், சைக்கிள், கொப்பி, சப்பாத்து கொடுப்பதற்கு எடுத்த பட்டியல்கள். நினைத்ததைவிட நீளும். கடைசி வகையை மறவாதீர்கள். எந்த இடாப்பிலும் ஏறாமல் ஆசிரியர்களின் கைபேசியில் வருடக்கணக்காகக் கிடப்பவை இந்த உதவிப் பட்டியல்கள்தான். குடும்பத்தின் ஆழமான வலிகள் எழுதப்பட்டிருப்பதும் அவற்றில்தான்.

தாள் நிரம்பியதும் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கேள்வி: "இந்தத் தகவலை வைத்துக் கடந்த ஒரு வருடத்தில் என்ன முடிவு எடுத்தோம்?" பதில் இல்லாவிட்டால் அடுத்த வருடப் படிவத்தில் அந்தக் கேள்வி வேண்டாம். பயன்படுத்தாத தகவல் பாடசாலைக்கு இலாபம் தராது, வெளியே போனால் நட்டம் மட்டும் தரும்.

படிவம் தயாரிக்கும்போது ஒரு சொல்லையும் கவனியுங்கள். "தந்தை உயிருடன் உள்ளாரா? ஆம் / இல்லை" என்ற கேள்வி நம் மண்ணில் சாதாரணக் கேள்வி அல்ல. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்கள் அதற்கு முந்தியவை. காணாமல் ஆக்கப்பட்ட உறவினருக்கு ஆம் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. பாடசாலைக்கு உண்மையில் வேண்டியது வேறு. அதையே நேராகக் கேளுங்கள்: "அவசரத்துக்குப் பாடசாலை யாருடன் பேச வேண்டும்? அவர் பிள்ளைக்கு என்ன முறை?" அம்மம்மாவோடு வளரும் பிள்ளையும் வெளிநாட்டில் பெற்றோர் இருக்கும் பிள்ளையும் இதைக் கூச்சமில்லாமல் நிரப்புவார்கள். உதவித் திட்டத்துக்கு மேலதிக விபரம் தேவையென்றால் அந்த உதவியைக் கேட்கும் குடும்பத்திடம் மட்டும், தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேருக்குத் தேவையானதை நாற்பது பேரிடமும் எழுதி வாங்க வேண்டாம்.

சட்டம் சொல்வது, சுருக்கமாக

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைந்தது. பிள்ளை பற்றிய தரவை அது விசேட வகையில் சேர்க்கிறது. மருத்துவத் தகவலும் கைரேகையும் இருக்கும் அதே வகை. 16 வயதுக்குக் குறைந்தவர் பிள்ளை. சம்மதத்தின் பேரில் தரவை எடுப்பதென்றால் அந்தச் சம்மதம் பெற்றோர் அல்லது பாதுகாவலருடையதாக இருக்க வேண்டும். சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் வரை மட்டும், பிழையில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சாரம்.

வரவு எடுக்கவும் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அது பாடசாலையின் கடமை. மறுபுறம், வருடத் தொடக்கத்தில் வாங்கிய ஒரு கையெழுத்து எல்லாவற்றுக்கும் அனுமதி என்றும் நினைக்கக் கூடாது. வரவுக்கென்று வாங்கிய தொலைபேசி இலக்கம் ரியூசன் விளம்பரத்துக்கு அல்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016, 12 ஆம் இலக்கம்) யாராவது பெறுபேறு கேட்டால் பதற வேண்டாம். அந்தச் சட்டமே ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடும் தகவலுக்கு விலக்கு வைத்திருக்கிறது. எண்ணிக்கை கொடுக்கலாம், பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை அதிபரூடாக உரிய தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வாசலில் நின்று வாயால் பதில் சொல்லி அனுப்பக் கூடாது.

பெயரையும் புள்ளியையும் பிரித்து வைப்பது

இரண்டு கோப்பு வேண்டும். ஒன்றில் பெயர், சேர்விலக்கம், குறியீடு. இதைத் திறப்புக் கோப்பு என்போம். மற்றதில் குறியீடும் புள்ளியும் மட்டும். நாளாந்த வேலை முழுவதும் இரண்டாவது கோப்பில் நடக்கும். திறப்பு எப்போதாவதுதான் வெளியே வரும்.

குறியீடாகச் சேர்விலக்கத்தைப் போடாதீர்கள். அது தேர்ச்சி அறிக்கையிலும் விடுகைப் பத்திரத்திலும் இருக்கும் எண், பாதிப் பாடசாலைக்குத் தெரியும். வரவு இடாப்பு வரிசையும் வேண்டாம். தேசிய அடையாள அட்டை எண்ணோ அறவே ஆகாது. பலர் அதை வெறும் எண் என்று நினைக்கிறார்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 2009561 என்று தொடங்கினால் 2009 மார்ச் 1 இல் பிறந்த பெண்பிள்ளை. (பெப்ரவரிக்கு 28 நாள்தானே, கணக்கு உதைக்கிறதே என்றால், இந்த எண்ணில் பெப்ரவரி எப்போதும் 29 நாளாகவே எண்ணப்படும்.) அமெரிக்க ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 1990 குடிசன மதிப்பீட்டை வைத்துக் காட்டியது இங்கே நினைவுக்கு வர வேண்டும்: தபால் குறியீடு, பிறந்த திகதி, பால் என்ற மூன்றும் தெரிந்தால் அந்நாட்டு மக்களில் 87 வீதமானோரைத் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று அவர் கணக்கிட்டார். நம் பிள்ளைகளின் அடையாள எண்ணில் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் பாடசாலையின் பெயரே சொல்லிவிடும்.

எக்செலில் குறியீடு கொடுக்கும் விதம் இது. பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்து நிரலில் ராண்ட் என்ற சார்பை இட்டுக் கீழே வரை இழுங்கள். ஒவ்வொரு நிரையிலும் ஒரு தசம எண் வரும். உடனே அந்த நிரலைப் பிரதி எடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் வலியூஸ் கொடுங்கள். இதைத் தவறவிட்டால் நீங்கள் எதைத் தட்டினாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு முழு அட்டவணையையும் தெரிவு செய்து அந்த எண்ணின்படி சோர்ட் பண்ணுங்கள். அடுத்த நிரலில் 101, 102 என்று வரிசையாக இடுங்கள். முடிந்தபின் பழையபடி சேர்விலக்க ஒழுங்குக்குத் திருப்பிவிடுங்கள். நாற்பது பிள்ளைக்குப் பத்து நிமிட வேலை.

கவனம் வைக்க வேண்டிய இடம் சோர்ட். ஒரு நிரலை மட்டும் தெரிவு செய்து சோர்ட் கொடுத்தால், பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டால் பெயர்கள் நகரும், புள்ளிகள் நகராது. ஒரு பிள்ளையின் புள்ளி இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும், அதற்குப் பிறகு திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. ஆகவே ஒவ்வொரு சோர்ட்டுக்குப் பிறகும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று பிள்ளைகளைப் பிடித்து மூலத் தாளோடு ஒப்பிடுங்கள்.

திறப்புக் கோப்பைக் கணினியில் வைப்பதென்றால் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். பைல், இன்ஃபோ, புரொடெக்ட் வேர்க்புக், என்கிறிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று போக வேண்டும். புரொடெக்ட் ஷீட் என்று இன்னொன்று இருக்கிறது. அது கைதவறி மாற்றி எழுதுவதைத் தடுக்குமே தவிர, பார்ப்பதைத் தடுக்காது. கடவுச்சொல்லை மறந்தால் கோப்பு போனது போனதுதான். அதனால் அதை எழுதி ஒட்டிய கடித உறையில் அதிபரின் அலுமாரியில் வையுங்கள். உண்மையைச் சொன்னால், சிறிய பாடசாலைக்குத் திறப்பை ஒரு தாளில் அச்சிட்டு அதே அலுமாரியில் பூட்டிவிட்டுக் கணினியில் அழித்துவிடுவது இன்னும் நல்லது. பூட்டிய அலுமாரிக்குள் கையை விட வேண்டுமென்றால் அந்த அறைக்கு வர வேண்டும்.

இனிப் பயன்பாடு: அதிகம் உதவும் கணக்குக்குப் பெயரே வேண்டாம்

வகுப்புச் சராசரியில் தொடங்குவார்கள். அதில் முதல் பொறி, வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடுவது. 36 பேர் வகுப்பில் 33 பேர் எழுதி அவர்களின் சராசரி 52 என்றால் மொத்தம் 1716. வராத மூவருக்கும் பூச்சியம் போட்டு 36 ஆல் வகுத்தால் சராசரி 47.7 க்கு இறங்கிவிடும். வகுப்பு நாலு புள்ளி பின்தங்கியதாகத் தோன்றும், ஆனால் நடந்தது மூன்று பேருக்குக் காய்ச்சல். வராதவருக்கு "வரவில்லை" என்று எழுதுங்கள், அல்லது கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

சராசரியைவிடப் பிரயோசனமானது தர வீச்சுகளில் எத்தனை பேர் என்பது. சாதாரண தரத்தில் 75 முதல் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ், அதற்குக் கீழ் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. தரம் 10 மூன்றாந் தவணையில் கணிதத்தில் 28 முதல் 34 வரை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு தவணை கைகொடுத்தால் கரையேறக்கூடியவர்கள் அவர்கள். கணிதம் சித்தியடையாமல் உயர்தரத்துக்குப் போவது எவ்வளவு கடினம் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்த இடத்தில்தான் வகுப்பாசிரியர் அலுமாரியைத் திறந்து குறியீட்டைப் பெயராக்க வேண்டும். ஆறு பெயரா, எட்டுப் பெயரா, ஒரு தாளில் எழுதிக் கணித ஆசிரியரின் கையில் கொடுங்கள். படமெடுத்து அனுப்ப வேண்டாம்.

எங்கள் பாடசாலைகளில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் மிக அதிகமாக உதவுவதும் கேள்வி வாரியான பகுப்பாய்வு. சாதாரண தர விஞ்ஞானம் பகுதி ஒன்றில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். மாதிரித் தாளைத் திருத்தியதும் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரி என்று கோடு போட்டு எண்ணுங்கள். கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலும் நாலில் ஒரு பங்கு சரியாக வரும். 36 பேர் வகுப்பில் அது 9. ஆகவே 9, 10 பேர் சரி என்றால் வகுப்பில் அநேகமாக ஒருவருக்கும் அந்த விடயம் தெரியாது. 4 பேர்தான் சரி என்றால் நிலைமை வேறு: பிள்ளைகள் குருட்டுவாக்கில் போடவில்லை, பிழையான ஒன்றைச் சரியென்று நம்பிப் போட்டிருக்கிறார்கள். எந்தப் பிழையான விடையில் அதிகம் பேர் விழுந்தார்கள் என்று பாருங்கள். 22 பேர் ஒரே பிழை விடையைத் தேர்ந்திருந்தால் அந்த அலகை நாங்கள் கற்பித்த விதத்தில்தான் எங்கோ சிக்கல். இவ்வளவுக்கும் ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தேவைப்படவில்லை. இந்தத் தாளைப் பாட ஆசிரியர் கூட்டத்தில் தாராளமாக மேசையில் விரிக்கலாம், பக்கத்துப் பாடசாலையோடும் பகிரலாம்.

வரவுக்குப் பெயர் வேண்டும். தவணையில் ஏறக்குறைய 60 பாடசாலை நாள் என்றால் ஆறு நாளுக்கு மேல் வராத பிள்ளை, அதாவது பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்ட பிள்ளை, கவனத்துக்குரியது. தவணை முடியும்வரை காத்திராமல் இருபதாம் நாளிலேயே இரண்டு, மூன்று நாள் தவறியவர்களைப் பாருங்கள். அதற்கு முன் அந்த நாட்களில் முழு வகுப்பின் வரவும் எப்படி என்று பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் தேரன்றும் தீர்த்தத்தன்றும், மாரியில் வெள்ளம் நின்ற நாளிலும், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளிலும் பாதி வகுப்பு வெறுமையாக இருக்கும். அது பிள்ளையின் பிரச்சினை அல்ல. எல்லோரும் வந்த நாளில் திரும்பத் திரும்ப வராத பிள்ளையைத்தான் தேட வேண்டும். தேடுவதும் வகுப்பாசிரியரின் வாயால், வீட்டுக்கு ஒரு அழைப்பாக நடக்கட்டும். காலைக் கூட்டத்தில் பெயர் வாசிப்பதாக நடக்கக் கூடாது.

வெளியே கேட்பவர்களுக்கு என்ன கொடுப்பது

வலயக் கல்வி அலுவலகம், கோட்டம், பரீட்சைத் திணைக்களம் கேட்டால் படிவத்தில் உள்ள நிரல்களை மட்டும் நிரப்பி, அதிபரூடாக அனுப்புங்கள். "எல்லாம் இருக்கட்டும்" என்று முழு எக்செல் கோப்பையும் இணைத்துவிடுவது வழக்கமான சோம்பல். ஒரு அலுவலரின் தனிப்பட்ட வட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னால் பணிவாக அலுவலக மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள்.

ரியூசன் நிலையங்களிலிருந்து அழைப்பு வரும். பெரும்பாலும் தெரிந்தவர், சிலவேளை உங்களுக்கே படிப்பித்தவர்.

"ரீச்சர், உங்கட ஓ.எல் பிள்ளையளின்ர பேரும் ஃபோன் நம்பரும் ஒருக்கா அனுப்பி விடுங்கோவன். இலவசக் கருத்தரங்கு ஒண்டு வைக்கிறம்."

"சேர், நம்பர் தர ஏலாது. நோட்டீசைத் தாங்கோ, அதிபரிட்டக் காட்டிப்போட்டு போர்ட்டில ஒட்டி விடுறன். விருப்பமான பிள்ளையள் தாங்களே எடுப்பினம்."

இதைவிட நீட்ட வேண்டாம். கருத்தரங்கு நல்லதாகவே இருக்கலாம். நோட்டீஸ் போனால் பிள்ளை தெரிவு செய்கிறது, பட்டியல் போனால் பிள்ளைக்காக நாங்கள் தெரிவு செய்துவிடுகிறோம்.

புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் தரும் உதவிதான் எங்களுக்கு மிகக் கடினமான இடம், ஏனென்றால் அந்த அன்பு உண்மையானது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எத்தனையோ கட்டடங்களும் கணினி அறைகளும் அந்தக் கைகளால் எழுந்தவை. ஆனால் கூடவே ஒரு கேட்பும் வரும்: "தகப்பன் இல்லாத பிள்ளைகளின்ர படமும் விபரமும் அனுப்புங்கோ, இஞ்ச ஆக்களுக்குக் காட்ட வேணும்." அந்தப் படம் ஒரு மண்டபத்தில் திரையில் விழும், முகநூலில் ஏறும். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அங்கேயே இருக்கும். சைக்கிள் மூன்று வருடத்தில் பழுதாகிவிடும்.

மாற்று வழி இருக்கிறது, அதைக் கேட்க முதலே நீங்களே வைத்துவிடுங்கள். உதவி பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு வரட்டும். தேவையை எண்ணிக்கையாக எழுதுங்கள்: "மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து வருவோர் 18 பேர், 18 சைக்கிள் தேவை." தெரிவை அதிபரும் இரு ஆசிரியர்களும் செய்யட்டும். பொருள் கொடுத்தபின் பற்றுச்சீட்டின் பிரதி, சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் ஒரு படம், பெயரில்லாமல் பிள்ளைகள் எழுதிய இரண்டு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பணம் சரியாகப் போனதா என்பதுதான் கொடுப்பவருக்கு இருக்கும் நியாயமான கவலை. அதற்குப் பற்றுச்சீட்டும் கணக்கும் பதில் சொல்லும், பிள்ளையின் முகம் சொல்லத் தேவையில்லை.

பெறுபேறு வந்ததும் சந்தியில் கட்டும் பதாகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் பெருமை ஊரின் பெருமை, அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பரீட்சைச் சுட்டெண்ணை மட்டும் எந்தப் படத்திலும் விடாதீர்கள். பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் அந்த எண்ணை அடித்தால் முழுப் பெறுபேறும் வரும்.

சின்ன எண்கள் பேசும்

பெயரை எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் சிறிய பாடசாலைகள் மாட்டிக்கொள்கின்றன. எழுவைதீவிலோ அனலைதீவிலோ நெடுந்தீவிலோ ஒரு பாடசாலையில் 11 பேர் சாதாரண தரம் எழுதினார்கள் என்று வையுங்கள். ஆண் 4, பெண் 7. "ஆண்களில் 25 வீதம் கணிதத்தில் சித்தியடையவில்லை" என்று அறிக்கை சொன்னால் அது ஒரு பையன். அவன் யாரென்று இறங்குதுறையில் நிற்கும் எவரும் சொல்வார்கள். வீதம் என்ற சொல் அவனை மறைக்கவில்லை.

ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணிக்கையையும் வெளியறிக்கையில் தனியே காட்டாதீர்கள். "5 இலும் குறைவு" என்று எழுதுங்கள். ஆனால் அதோடு முடிந்துவிடாது. மொத்தம் 23, முதற் பிரிவு 9, இரண்டாம் பிரிவு 12, மூன்றாம் பிரிவு மறைக்கப்பட்டது என்று போட்டால் கழித்துப் பார்த்து 2 என்று எடுத்துவிடலாம். மறைத்ததற்குத் துணையாக இன்னொன்றையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளை ஒன்றாக்க வேண்டும். சிறிய பாடசாலைக்கு ஏற்ற வழி மூன்று வருடங்களைச் சேர்ப்பது. 11, 9, 13 என்று எழுதியவர்களைக் கூட்டினால் 33. அதில் போக்கும் தெளிவாகத் தெரியும், ஒருவரும் தனித்து நிற்கமாட்டார்கள்.

எல்லோரும், ஒருவருமில்லை என்ற இரண்டு முடிவுகளும் இதே வகை. "பெண்கள் பிரிவில் ஆங்கிலத்தில் ஒருவரும் சித்தியில்லை" என்றால் எண்ணிக்கை பதினைந்தாக இருந்தாலும் பதினைந்து பேரின் பெறுபேறும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

கருவிகள் ஒழுகும் இடங்கள்

எக்செலில் நிரலை ஒளித்துவிட்டு அனுப்பினால் பெறுபவர் ஒரு சொடுக்கில் திரும்ப எடுப்பார். பிவட் அட்டவணை இன்னும் மோசம்: சுருக்க அட்டவணையை மட்டும் வேறு கோப்பில் ஒட்டி அனுப்பினாலும் அதன் பின்னால் மூலத் தரவு முழுவதும் ஒட்டிக்கொண்டு போகலாம். வெளியே அனுப்பும் எதையும் புதிய கோப்பில் பேஸ்ட் வலியூஸ் செய்து அனுப்புங்கள். பிடிஎஃப் கோப்பில் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் கீழே எழுத்து அப்படியே இருக்கும், தெரிவு செய்து பிரதி எடுக்கலாம்.

கூகுள் போமில், நிரப்பியவர்களுக்கு எல்லோரின் பதில்களின் சுருக்கத்தையும் காட்டும் ஒரு தெரிவு உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று அனுப்ப முன் பாருங்கள். பதில்கள் சேரும் ஷீட்டின் இணைப்பு "இணைப்பு உள்ள எவரும்" என்று இருந்தால், குறூப்பிலிருந்து விலகிய பின்பும் பழைய இணைப்பு வேலை செய்யும். வட்ஸ்அப் படம் கைபேசியின் கலரிக்குள் தானே இறங்கி, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடலாம். அதே கைபேசியில் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் மடிப்பில் கிடக்கும். முன்னால் நின்று அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். தேர்ச்சி அறிக்கைக்குக் குறிப்பு எழுத செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்துகிறீர்களென்றால் குறியீட்டையும் புள்ளியையும் கொடுங்கள், பெயரையும் வீட்டு நிலையையும் கொடுக்காதீர்கள்.

கடதாசியும் ஒழுகும். பழைய புள்ளித்தாள்களும் விடைத்தாள்களும் எடைக்குப் போனால், கச்சான் சுருளாகத் திரும்பி வரும். பிள்ளையின் பெயரும் 17 புள்ளியும் அதில் தெரியும். கிழித்து எரித்துவிடுங்கள். சேர்வு இடாப்பு போன்ற மூலப் பதிவேடுகளுக்கு அமைச்சின் அறிவுறுத்தல் உண்டு, அவற்றில் கைவைக்காதீர்கள். நீங்கள் எடுத்த பிரதிகளை மட்டும் வருட முடிவில் அழியுங்கள்.

பெற்றோருக்கு அரைப்பக்கக் கடிதம்

அமெரிக்காவில் 2013 இல் இன்புளூம் என்ற பெரிய மாணவர் தரவுத் திட்டம் தொடங்கியது. அதற்குக் கொட்டப்பட்டது ஏறத்தாழ 10 கோடி டொலர். 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். பிள்ளையின் எந்த விபரம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்ற பெற்றோரின் கேள்விகளுக்கு அவர்களை நம்பவைக்கும் பதில் கிடைக்கவில்லை. நல்ல நோக்கமும் அதனோடு சேர்ந்து போனது. எங்கள் அளவில் இதற்கு மருந்து முதலாந் தவணையில் ஒரு கடிதம். இப்படி எழுதலாம்:

"அன்புடையீர், தங்கள் பிள்ளையின் வரவு, தவணைப் புள்ளிகள், தங்களின் தொடர்பிலக்கம் ஆகியவற்றைப் பாடசாலை பதிந்து வைத்திருக்கும். கற்பித்தலைத் திருத்தவும் மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளை அறியவும் மட்டுமே இவை பயன்படும். பெயருடன் கூடிய விபரம் பாடசாலைக்கும், சட்டப்படி கேட்கும் கல்வி அலுவலகங்களுக்கும் வெளியே போகாது. தங்கள் பிள்ளையின் விபரத்தைப் பார்க்கவோ பிழை திருத்தவோ வகுப்பாசிரியரை எந்த வேளையிலும் அணுகலாம்."

படம் எடுப்பதற்கும் பதாகைக்கும் தனிச் சீட்டு, ஆம் இல்லை என்ற இரண்டு பெட்டியோடு. "இல்லை" என்று புள்ளடி போட்டவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

கைதவறிப் போய்விட்டால்

முதல் ஒரு மணித்தியாலம் முக்கியம். இணைப்பு என்றால் பகிர்வை மூடுங்கள். வட்ஸ்அப் என்றால் எல்லோருக்கும் அழிப்பதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக அவகாசம் உண்டு, ஆனால் ஏற்கெனவே கலரிக்குள் இறங்கிய படத்தை அது எடுக்காமல் போகலாம். குறூப்பில் ஒரு வரி எழுதுங்கள்: "சற்று முன் தவறுதலாகப் பகிரப்பட்ட படத்தைத் தயவுசெய்து அழித்து, வேறு எங்கும் அனுப்பாமல் விடவும்." எந்தப் படம் என்று காட்டுவதற்கு அதையே திரும்ப இணைத்துவிடாதீர்கள், அவசரத்தில் இதுவும் நடக்கும். எத்தனை மணிக்கு, என்ன, யார் யாருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி அன்றே அதிபரிடம் கொடுங்கள். திறப்புக் கோப்பு வெளியே போயிருந்தால் எல்லாக் குறியீட்டையும் புதிதாக இடுங்கள்.

பிறகு பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே அழையுங்கள். குறூப்பில் பொதுவாக மன்னிப்புக் கேட்பது போதாது. கடைசி நிலையில் இருக்கும் பிள்ளையின் அம்மாவை முதலில் அழையுங்கள்.